ஐந்தடியும் ஐந்து நிமிடமும்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், கேட்பதற்கு மிகச் சிறியது. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் அது. வண்டி ஓட்டுவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வேகம் கூடாது, குடித்துவிட்டு ஓட்டக் கூடாது, ஓட்டும்போது கைபேசியைத் தொடக் கூடாது என்று எச்சரிக்கைகள் நாள்தோறும் நம் காதில் விழுகின்றன. ஆனால், ஓடி முடித்து ஓரமாக நிற்கும் வண்டியைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. நிற்கிற வண்டி யாரை என்ன செய்துவிடும் என்று இருந்துவிடுகிறோம். பள்ளி வாசலிலும் நடைபாதையிலும் நிற்கிற வண்டி, தான் அசையாமலே ஒரு குழந்தையை ஆபத்தான இடத்துக்குத் தள்ளிவிட முடியும். அது எப்படி என்பதை இன்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஜொகூர் மாநிலத்தில், பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த ஆயர் ஈத்தாம் பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். சாலைகள் கூடும் இடத்தில் வளர்ந்த ஊர் அது. கோலாலம்பூரிலிருந்து சிகாமட், யோங் பெங் வழியாக ஜொகூர் பாருவுக்குச் செல்லும் 1-ஆம் எண் கூட்டரசுச் சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் பக்கமாகச் செல்லும் 50-ஆம் எண் கூட்டரசுச் சாலையும் அங்கேதான் சந்திக்கின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன்னர், தலைநகருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடிய பேருந்துகளும் லோரிகளும் இந்தச் சந்திப்பைக் கடந்து போய்வந்தன. பயணிகள் இறங்கிக் கை கால் கழுவிப் பசியாறிவிட்டு, பீங்கான் சாடியோ பூந்தொட்டியோ தின்பண்டமோ வாங்கிக்கொண்டு புறப்படுவார்கள். நெடுஞ்சாலை வந்த பின்னரும் பீங்கானுக்கும் மண்பாண்டத்துக்கும் பெயர் பெற்ற ஊராகவே ஆயர் ஈத்தாம் விளங்குகிறது.

இப்படிப்பட்ட ஊரில், வண்டி நின்றால்தான் வியாபாரம். நிற்காவிட்டால் கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆகவே, வண்டியே நிற்கக் கூடாது என்று சொல்வது யாருக்கும் உதவாத பேச்சு. வண்டி நிற்கட்டும், ஆனால் நடப்பவர்களுடைய வழியில் நிற்க வேண்டாம் என்பதே நமது வேண்டுகோள். ஆயர் ஈத்தாமுக்கு மட்டுமன்று, நம் நாட்டில் சாலையோரம் வளர்ந்த ஒவ்வொரு சிறு பட்டணத்துக்கும் இது பொருந்தும்.

முதலில் பள்ளிக்கூட வாசலுக்கு வருவோம். சிறு பட்டணங்களில் பள்ளிகள் பெரும்பாலும் கார்கள் குறைவாக இருந்த காலத்தில் கட்டப்பட்டவை. அவற்றின் முன்னால் செல்லும் சாலை இரண்டு வண்டிகள் எதிரெதிரே போகப் போதுமான அகலம்தான் கொண்டிருக்கும். ஓரத்தில் ஒரு கால்வாய், அதன்மேல் சிமெண்டுப் பலகை போட்ட ஒடுக்கமான நடைபாதை. அக்காலத்தில் பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ வந்தார்கள். இன்றைய நிலை வேறு. நம் நாட்டில் பதிவு பெற்ற வாகனங்களின் எண்ணிக்கை 2023-ஆம் ஆண்டு முடிவில் 3 கோடியே 60 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஓடாமல் கிடப்பவையும் இந்தக் கணக்கில் அடங்கும் என்றாலும், மக்கள்தொகையைவிட இது அதிகம். சாலை மட்டும் பழைய அகலத்திலேயே இருக்கிறது.

பள்ளி விடும் வேளையில் அந்தச் சாலையைப் பாருங்கள். மணி அடிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே வண்டிகள் வந்து வரிசை பிடிக்கின்றன. வாசலுக்கு நேர் எதிரே ஒன்று, மஞ்சள் கோட்டின்மேல் ஒன்று, பாதி சக்கரம் நடைபாதையில் ஏறியபடி ஒன்று, அவற்றின் பக்கத்தில் இரண்டாம் வரிசையாக இன்னும் சில. வாகனத்தின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அவசரத்துக்கு அடையாளமான இரண்டு விளக்குகளும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். அந்த விளக்கைப் போட்டுவிட்டால் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ பரவிவிட்டது. வண்டி பழுதாகி நின்றுவிட்டால் பிறரை எச்சரிப்பதற்காக ஏற்பட்ட விளக்கு அது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

இனி, மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். முதலாம் ஆண்டு மாணவனுக்கு 7 வயது. அந்த வயதில் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர். சாதாரணக் கார் ஒன்றின் உயரம் ஏறத்தாழ 145 சென்டிமீட்டர். வேன் என்றால் அதைவிட உயரம். அப்படியானால், நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு இடையிலிருந்து சாலைக்கு வரும் பிள்ளை, ஓட்டிவருபவர் கண்ணில் படுவதே இல்லை. கண்ணாடி வழியாகத் தெரியாதா என்றால், நம் ஊர் வெயிலுக்குப் பெரும்பாலான கார்களின் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. பிள்ளைக்கும் அதே நிலைமைதான். சாலையில் என்ன வருகிறது என்று பார்ப்பதற்கு, அது முதலில் சாலைக்குள் வந்தாக வேண்டும். பார்க்கும் இடமும் அடிபடும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

இங்கே வேகத்தின் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் பிள்ளையைக் கண்டு, காலை எடுத்துப் பிரேக்கில் வைப்பதற்கே ஒரு நொடி ஆகும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 14 மீட்டர். மொத்தம் 28 மீட்டர். அதுவும் காய்ந்த சாலையில். மழையில் இன்னும் கூடும். அதே கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். ஆனால், வண்டிகளுக்கு இடையிலிருந்து பிள்ளை வெளிப்படுவது 5 மீட்டர் தூரத்தில் என்றால், 30-இல் வந்தாலும் நிறுத்த இயலாது. மெதுவாக வந்த ஓட்டுநரும் அங்கே குற்றவாளி ஆகிவிடுகிறார். உண்மையில், அந்தப் பிள்ளையை மறைத்தது ஓரமாக நின்ற வண்டி. விபத்து நடந்த பின்னர் அந்த வண்டி அமைதியாகப் புறப்பட்டுப் போய்விடும். அறிக்கையில் அதன் பதிவு எண் இருக்காது.

இது மிகைப்படுத்திச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சாலை விபத்துகளில் ஆண்டொன்றுக்கு 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் எந்த நோயும் இல்லை, சாலை விபத்துதான். இதனால்தான், 2020 பிப்ரவரியில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள், நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று அறிவித்தார்கள். வேகத்தைக் குறைப்பதும், பார்வையை மறைக்காதிருப்பதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டுவிட்டால் பயன் பாதியாகிவிடும்.

இப்படி நிறுத்துபவரைக் கேட்டால், அவர் சொல்லும் பதில் நமக்கெல்லாம் தெரிந்ததே. “ஐந்து நிமிடம்தானே!” இந்த ஐந்து நிமிடத்தை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளிக்கு, விடும் நேரத்தில், 20 நிமிடத்துக்குள் 120 வண்டிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 5 நிமிடம் நின்றால், எந்த நேரத்தில் பார்த்தாலும் வாசலில் 30 வண்டிகள் நிற்கும். ஒரு வண்டிக்கு 6 மீட்டர் இடம் என்றால், 180 மீட்டர் நீளத்துக்கு வரிசை நிற்கும். எந்தச் சிறு பள்ளியின் முன்னால் அவ்வளவு இடம் இருக்கிறது? ஆகவே இரண்டாம் வரிசை, நடைபாதை, வளைவு என்று வண்டிகள் பரவுகின்றன. அதே 120 வண்டிகளும் ஒரு நிமிடத்தில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நகர்ந்தால், 6 வண்டிகளுக்கு இடம் போதும். 36 மீட்டரில் வேலை முடிந்துவிடும். ஒருவருக்கு அது ஐந்து நிமிடம். 120 பேருடைய ஐந்து நிமிடங்களும் சேரும்போது தெரு அடைபட்டுவிடுகிறது.

பெற்றோரை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமாகாது. அவர்களுடைய நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள், லயத்து வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த தோட்டப் பள்ளிக்கு நடந்தே போனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பிறகு, குடும்பங்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குச் சிதறிவிட்டன. நாட்டில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்குப் பிள்ளைகள் பல மைல் தொலைவிலிருந்து வேனிலும் காரிலும், அப்பாவின் மோட்டார் சைக்கிளிலும் வர வேண்டியிருக்கிறது. உள்ளூர்ப் பேருந்து வசதி குறைவு. புத்தகப் பையோ பிள்ளையின் எடையில் கால்வாசி இருக்கும்போல் தோன்றுகிறது. மதியம் கடந்தால் மழை வேறு. வேலையிடத்தில் அரை மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருக்கும் தாய்க்கு, வாசலுக்கு எவ்வளவு அருகில் நிறுத்த முடியுமோ அவ்வளவு அருகில் நிறுத்த வேண்டும் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் அதில் அடங்கியிருக்கும் முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். சாலை ஆபத்தாக இருக்கிறது என்று அஞ்சித்தான் பிள்ளையைக் காரில் கொண்டுவந்து விடுகிறோம். கொண்டுவந்து விடும் கார்களாலேயே அந்தச் சாலை மேலும் ஆபத்தாகிறது. அதைக் கண்டு, இதுவரை நடக்கவிட்ட பெற்றோரும் அஞ்சிக் காரை எடுக்கிறார்கள். இப்படியே ஆண்டுக்கு ஆண்டு வரிசை நீளுகிறது. கடைசியில், நடந்தும் சைக்கிளிலும் வருகிற பிள்ளைகளுக்குத்தான் வழி இல்லாமல் போகிறது. அவர்களுடைய வீட்டில் கார் இருக்காது. வாசலில் நிற்கும் கார்களைச் சுற்றிக்கொண்டு சாலையின் நடுவில் நடப்பவர்கள் அவர்களே.

இனி, பள்ளி வாசலை விட்டுக் கடைத்தெருவுக்கு வருவோம். நம் நாட்டுப் பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையுடன் கூடிய ஒரு நடைவழி உண்டு. மலாய் மொழியில் அதைக் ‘காக்கி லீமா’ என்கிறார்கள். நம் பெரியவர்கள் அதை ‘அஞ்சடி’ என்றே சொல்லிப் பழகியவர்கள். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1822-ஆம் ஆண்டு சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் வகுக்கும்போது, ராஃபிள்ஸ் ஒரு கட்டளை பிறப்பித்தார். செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டும் ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும், எல்லா நேரத்திலும் திறந்திருக்கும் தாழ்வாரம் ஒன்று தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்பது அதன் சாரம். வெயிலும் மழையும் நிறைந்த நாட்டில், ஏழையும் செல்வரும் நனையாமல் நடக்க ஒரு வழி வேண்டும் என்ற நல்ல ஏற்பாடு அது. அந்தப் பழக்கம் சிங்கப்பூரிலிருந்து மலாயாவின் பட்டணங்களுக்கும் பரவியது.

அந்த அஞ்சடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையும் புதியதன்று. 1888-ஆம் ஆண்டு பிப்ரவரியில், சிங்கப்பூர் நகராண்மைக் கழகம் அஞ்சடிகளில் அடுக்கியிருந்த சரக்குகளை அகற்ற முனைந்தபோது, கடையடைப்பும் கலவரமும் மூண்டன. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம்முடைய மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்று அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. மோட்டார் கார் நம் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, நடப்பவருடைய வழியை நிற்கும் பொருள்கள் பிடித்துக்கொண்டிருந்தன. அன்று அரிசி மூட்டையும் பெட்டியும் நின்ற இடத்தில், இன்று மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அஞ்சடியை ஒட்டிய நடைபாதையில் கார் ஏறி நிற்கிறது.

அளவையும் பார்த்துவிடுவோம். ஐந்தடி என்பது ஏறத்தாழ 1.52 மீட்டர். ஒரு சிறிய காரின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். ஐந்தடி அகலமுள்ள நடைபாதையில் கார் முழுதாக ஏறிவிட்டால், அங்கே நடப்பதற்கு ஓர் அங்குலம்கூட மிஞ்சாது. பாதி ஏறினாலும், மிஞ்சுவது இரண்டரை அடிக்கும் குறைவு. சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தாராளமாக நகர மூன்று அடி வேண்டும். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துவரும் தாய்க்கும் அப்படியே. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு, நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்குவதும் மறுபடி ஏறுவதும் மலை ஏறுவதற்குச் சமம். நல்ல கால்கள் உள்ளவர் அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அப்படிச் சுற்ற முடியாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். தெருவில் அவர்களைக் காணாததால், அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

பட்டணத்து நடைபாதைகள் சிலவற்றில் மஞ்சள் நிறத்தில் கோடும் புள்ளியுமாகப் புடைத்திருக்கும் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காகப் பதித்தது என்று நினைப்பவர்களும் உண்டு. ஜப்பானியரான செயிச்சி மியாக்கே என்பவர் 1965-இல் உருவாக்கிய முறை அது. 1967 மார்ச் மாதம் ஒக்கயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே உள்ள சாலையில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. பார்வையற்றவர் கோலாலும் காலாலும் அதைத் தடவி வழியறிந்து நடப்பார். கோடு என்றால் போகலாம். புள்ளி என்றால் நின்று கவனிக்க வேண்டும். அந்த ஓட்டின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவது, பார்வையுள்ளவர் நடக்கும் வழியில் குழி வெட்டி வைப்பதைப் போன்றது.

இன்னொரு இழப்பும் உண்டு. நடைபாதை, மனிதருடைய எடையைத் தாங்குவதற்காகப் போடப்படுவது. ஒரு காரின் எடை ஏறத்தாழ ஒரு டன். கால்வாயின்மேல் மூடிய சிமெண்டுப் பலகையின்மீது நாள்தோறும் அந்தப் பாரம் ஏறி இறங்கினால், பலகை விரிசல் விடும். ஒரு நாள் உடையும். கார் அங்கிருந்து போய்விடும். உடைந்த பலகை மட்டும் மாதக்கணக்கில் வாய் பிளந்து கிடக்கும். மாலை மங்கிய வேளையில் அதில் கால் விடுபவர், அந்தக் காரின் சொந்தக்காரராக இருக்க மாட்டார். பழுது பார்க்கும் செலவோ, நாம் எல்லாரும் கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்து போகிறது.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது. அஞ்சடியையும் பொது இடத்தையும் அடைப்பது, 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ்க் குற்றம். பிறருக்கு ஆபத்தோ தடையோ தேவையற்ற தொல்லையோ ஏற்படும்படி சாலையில் வாகனத்தை நிறுத்திவைப்பது, 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 48-ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், பொது வசதிகளைப் பிறரைப் போலவே பயன்படுத்த அவர்களுக்கு உரிமை உண்டு என்று கூறுகிறது. சட்டத்தில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் காலையிலும் மதியத்திலும் ஓர் அதிகாரியை நிறுத்திவைக்க எந்த ஊராட்சி மன்றத்தாலும் இயலாது. சம்மன் எழுதும் நாளில் தெரு ஒழுங்காக இருக்கும். மறுநாள் பழைய கதைதான்.

வேறு நாடுகள் என்ன செய்தன என்பதை அறிவது நமக்கு உதவும். லண்டன் மாநகரில் நடைபாதையில் கார் நிறுத்துவது 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டுவிட்டது. ஜப்பானில் 1962-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, கார் வாங்குபவர் அதை நிறுத்தத் தமக்கு இடம் இருக்கிறது என்பதைக் காட்டியாக வேண்டும். காருக்கு வீடு பார்த்துவிட்டுக் காரை வாங்கு என்பதே அதன் கருத்து. இத்தாலியின் போல்சானோ நகரில் 1989-ஆம் ஆண்டிலிருந்து, பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் சிறிது நேரம் பள்ளித் தெருவில் வாகனங்களை விடுவதில்லை. அந்த முறையைப் பிற்பாடு ஐரோப்பாவின் பல நகரங்கள் பின்பற்றின.

இவை பணக்கார நாடுகள், அவற்றால் முடியும் என்று தோன்றலாம். பணம் அதிகம் கேட்காத முறை ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியரான டேவிட் எங்விக்ட் 1990-களின் தொடக்கத்தில் அதைச் சொன்னார். பிள்ளைகள் கூட்டமாக நடந்து பள்ளிக்குச் செல்வது; முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர்; பேருந்தைப் போலவே குறித்த நேரம், குறித்த நிறுத்தங்கள்; வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொள்வார்கள். இதை ‘நடைப் பேருந்து’ என்று நாம் சொல்லலாம். ஜப்பானின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பல ஊர்களில், மூத்த மாணவர் முன்செல்ல, இப்படித்தான் கூட்டமாக நடந்து போகிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அன்று லயத்திலிருந்து அக்காள் தம்பியாகக் கைகோத்துப் போனவர்கள்தாமே! நமக்குத் தெரியாத முறை இது என்று சொல்ல முடியாது.

ஆயர் ஈத்தாம் போன்ற ஓர் ஊரில் இதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவரலாம்? பள்ளியிலிருந்து 200 மீட்டர் தொலைவுக்குள், காலை நேரத்தில் காலியாகக் கிடக்கும் ஓரிடம் பெரும்பாலும் இருக்கும். கோயில் வளாகம், பொது மண்டபம், விளையாட்டுத் திடல், மாலையில் மட்டும் திறக்கும் கடைகளின் முன்பகுதி என்று எதுவாகவும் இருக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அந்த இடத்துக்குரியவர்களிடம் முறையாக அனுமதி கேட்கட்டும். பெற்றோர் அங்கே வண்டியை நிறுத்தட்டும். அங்கிருந்து பிள்ளைகளை நான்கைந்து பெற்றோர் முறை வைத்துக்கொண்டு பள்ளிக்கு நடத்திச் செல்லட்டும். 200 மீட்டர் நடக்கப் பிள்ளைக்கு மூன்று நிமிடம் ஆகும். வாசலில் வரிசையில் காத்திருக்கும் நேரத்தைவிட இது குறைவு. மழை நாளுக்குக் குடை இருக்கிறது.

பள்ளி நிர்வாகமும் சிலவற்றைச் செய்யலாம். எல்லா வகுப்புகளையும் ஒரே மணியில் விடாமல், கீழ் வகுப்புகளை ஐந்து அல்லது பத்து நிமிடம் முன்னதாக விடலாம். பள்ளி வேன்களுக்குத் தனி இடமும் கார்களுக்குத் தனி இடமும் குறிக்கலாம். வாசலுக்கு இருபுறமும் சில மீட்டர் தூரத்துக்கு எந்த வண்டியும் நிற்காதபடி செய்தாலே, பிள்ளைக்கும் ஓட்டுநருக்கும் ஒருவரையொருவர் பார்க்க வழி பிறந்துவிடும். அவ்விடத்தில் எழுத்துப் பலகையைவிட, உறுதியான சிறு கம்பங்கள் நன்றாக வேலை செய்யும். பலகையைப் படித்தும் படிக்காதவர்போல் இருக்கலாம். கம்பத்தின்மேல் கார் ஏறாது. இதற்கு ஊராட்சி மன்றத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது, பொதுவாகக் குறை சொல்வதைவிட, எந்த நாள், எத்தனை மணி, எத்தனை வண்டி, எந்த இடம் என்று ஒரு வாரம் எண்ணிக் குறித்து இணைத்தால் அந்த மனுவுக்கு வலு கூடும்.

பெற்றோருக்கு இன்னும் ஒன்று. பிள்ளையை எப்போதும் காரின் இடப்பக்கமாக, ஓரத்துப் பக்கமாகவே இறக்குங்கள். வலப்பக்கக் கதவு சாலையை நோக்கித் திறக்கிறது. சாலைக்கு எதிர்ப்புறத்தில் நின்றுகொண்டு, ஓடி வா என்று பிள்ளையைக் கூப்பிட வேண்டாம். பெற்றவர் குரல் கேட்டால் பிள்ளை வலமும் இடமும் பார்க்காது; குரல் வந்த திசையை மட்டுமே பார்க்கும். இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். கடை வாசலில் காலை முதல் இரவு வரை நிற்கும் வண்டி யாருடையது என்று பார்த்தால், பல இடங்களில் அது கடை முதலாளியுடையதாகவோ ஊழியருடையதாகவோ இருக்கும். வாடிக்கையாளருக்கு உரிய இடத்தை நாமே பிடித்துக்கொண்டு, இடமில்லாமல் அவர் நடைபாதையில் ஏறும்படி செய்வது வியாபாரத்துக்கும் நல்லதன்று. நாள் முழுதும் நிற்கும் வண்டியைக் கடையின் பின்புறத்துக்குக் கொண்டுபோய்விட்டால், அந்த ஓரிடத்தில் பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்கள் வந்து போவார்கள். பழைய நாற்காலியையும் பூந்தொட்டியையும் வைத்துப் பொதுச் சாலையில் இடம் பிடித்து வைப்பதும் வேண்டாம். சாடியைப் பார்த்து ஆசைப்படுபவர் முதலில் அதனருகே நடந்து வர வேண்டும். காரில் போகிறவர் சாடியைப் பார்ப்பார். நடந்து போகிறவர்தான் வாங்குவார்.

கடைசியாக, இப்படி நிறுத்தியிருப்பவரிடம் எப்படிப் பேசுவது? சண்டை போட்டால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது நம்மேல் வெறுப்பையும் கொண்டு போவார். மறுநாளும் அங்கேயே நிறுத்துவார். “அண்ணே, பிள்ளைங்க நடந்து வர்ற வழி, கொஞ்சம் முன்னால தள்ளிக்கிறீங்களா?” என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் முகம் சுளிக்காமல் நகர்ந்துவிடுவார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. தம்முடைய வண்டி யாருடைய வழியில் நிற்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை; அவ்வளவுதான். சீனரோ மலாய்க்காரரோ இந்தியரோ, பள்ளி வாசலில் நிற்கும் எல்லாரும் ஏதோ ஒரு பிள்ளைக்காக வந்தவர்கள்தாம். அந்த உறவு பேச்சைத் தொடங்கப் போதும்.

நேயர்களே, வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைக்கும் முன்னர் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். இந்த வழியாக ஒரு 7 வயதுப் பிள்ளை தனியாக வந்தால், அது எந்தப் பக்கமாக நடக்கும்? நடைபாதையிலேயே நடக்க முடியும் என்றால், வண்டி நல்ல இடத்தில் நிற்கிறது. சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும் என்றால், சாவியைத் திருப்பி இன்னும் சிறிது தூரம் தள்ளிப் போவோம். நமக்கு அதனால் ஆகும் தாமதம் மூன்று நிமிடம். அந்த ஐந்தடி வழி பிள்ளைக்குக் கிடைத்துவிடும்.